ஹெப்பாரின் கொடுக்க முடியாத நோயாளிக்கு ரத்தக்கட்டி வந்தால் என்ன செய்வார்கள்?

கேள்வி இதுதான். 68 வயது அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து அறுவை நடந்திருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மறுநாளிலிருந்து ஹெப்பாரின் ஊசி போட்டார்கள். ஏழாம் நாள் இடது தொடை வீங்க, டாப்ளர் ஸ்கேனில் ஆழ்சிரையில் ரத்தக்கட்டி தெரிந்தது. அன்றைய ரத்தப் பரிசோதனையில் 2,60,000 இருந்த பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணு) 84,000 ஆகியிருந்தது. மருத்துவர்கள் உடனே ஹெப்பாரினை நிறுத்திவிட்டு ஆர்கட்ரோபான் என்ற மருந்தை டிரிப்பில் ஏற்ற ஆரம்பித்திருக்கிறார்கள். மகன் கேட்கிறார்: பிளேட்லெட் இவ்வளவு குறைந்தால் ரத்தக்கசிவு வருமே, அப்புறம் எதற்கு இன்னொரு உறைவுத்தடுப்பு மருந்து? பிளேட்லெட் ஏற்றினால் ஆகாதா? ஐசியூவில் வைத்துக்கொண்டிருக்காமல் வார்ஃபரின் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்ப முடியாதா?

முதலில் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். அவர்கள் செய்திருப்பது சரி. பிளேட்லெட் ஏற்றாமலிருப்பதும் சரி. வார்ஃபரின் பிற்பாடு வரலாம், ஆனால் இந்த வாரம் கூடாது. ஏன் என்பதைத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த நோயில் நடப்பதெல்லாம் நம் பொது அறிவுக்கு நேர் எதிராக இருக்கும்.

"இவருக்கு ஹெப்பாரின் கூடாது" என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தால் நான் முதலில் தேடுவது அதற்கான காரணத்தை. மூளையிலோ குடலிலோ ரத்தம் கசிந்துகொண்டிருப்பவருக்கும் ஹெப்பாரின் கூடாது. ஹெப்பாரினுக்கு எதிராக உடலே எதிர்பொருள் (ஆன்டிபாடி) உண்டாக்கிக்கொண்டவருக்கும் கூடாது. முன்னவருக்கு எந்த உறைவுத்தடுப்பு மருந்துமே இப்போதைக்கு ஆபத்து. பின்னவருக்கோ ஹெப்பாரின் மட்டும்தான் ஆபத்து. வேறொரு உறைவுத்தடுப்பு மருந்து அவசரமாகத் தேவை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் ஒருவர் கசிந்து சாவார், மற்றவர் உறைந்து சாவார். இவை போக, ஊசி போட்ட இடத்தில் மட்டும் அரிப்பும் தடிப்புமாக வரும் தோல் ஒவ்வாமை உண்டு. ஹெப்பாரின் இயங்கத் தேவையான ஆன்டித்ராம்பின் என்ற புரதம் குறைவாக இருப்பதால் எவ்வளவு ஏற்றினாலும் ஹெப்பாரின் வேலை செய்யாதவர்களும் உண்டு. ஹெப்பாரின் பெரும்பாலும் பன்றிக்குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கப்படுவது என்பதால் மத நம்பிக்கை காரணமாக வேண்டாமென்பவர்களும் உண்டு. அவர்களுக்கு முழுக்க வேதியியல் முறையில் தயாரான மருந்துகள் இருக்கின்றன.

உங்கள் அம்மாவுக்கு மருத்துவர்கள் சந்தேகப்படுவது எதிர்பொருள் வகையை. ஹெப்பாரினால் தூண்டப்படும் தட்டணுக்குறைவு என்பார்கள்; வார்டில் எல்லோரும் சொல்வது "ஹிட்".

நடப்பது இதுதான். பிளேட்லெட்டுகளுக்குள் பிளேட்லெட் ஃபேக்டர் 4 என்ற புரதம் இருக்கிறது. அது நேர்மின்னேற்றம் கொண்டது. ஹெப்பாரின் மிக வலுவான எதிர்மின்னேற்றம் கொண்ட நீண்ட சர்க்கரைச் சங்கிலி. இரண்டும் ஒட்டிக்கொள்ளும்போது அந்தப் புரதத்தின் வடிவம் மாறுகிறது, சிலரது நோயெதிர்ப்பு மண்டலம் அதை அந்நியப் பொருளாக எடுத்துக்கொள்கிறது. அதற்கெதிராக உருவாகும் ஐ.ஜி.ஜி. எதிர்பொருள் இந்தக் கூட்டணியைப் பிடித்துக்கொண்டு, தன் வால்பகுதியால் பிளேட்லெட்டின் மேலிருக்கும் ஏற்பியைத் தட்டுகிறது. அவ்வளவுதான், பிளேட்லெட் விழித்துக்கொள்கிறது. மேலும் ஃபேக்டர் 4-ஐக் கக்குகிறது, உறைவைத் தூண்டும் நுண்துகள்களைச் சிதறவிடுகிறது, ரத்தத்தை உறைய வைக்கும் த்ராம்பின் என்ற நொதி பெருக்கெடுக்கிறது. ரத்தத்தில் பிளேட்லெட் எண்ணிக்கை குறைவது, அவை கட்டிகளுக்குள் செலவாகிக்கொண்டிருப்பதாலும் வேகமாக அகற்றப்படுவதாலும்தான். அதாவது ரிப்போர்ட்டில் 84,000 என்ற எண்ணைப் பார்க்கும்போது "ரத்தம் கசியப்போகிறது" என்று படிக்கக் கூடாது, "எங்கோ உறைந்துகொண்டிருக்கிறது" என்று படிக்க வேண்டும். இந்த நோயில் தானாக ரத்தக்கசிவு வருவது அபூர்வம். ரத்தக்கட்டியோ, தகுந்த மாற்று மருந்து கொடுக்காவிட்டால் ஒரு மாதத்துக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வந்துவிடும். காலில் வரலாம், நுரையீரலுக்குப் போகலாம், தமனியை அடைத்துக் கை காலைப் பறிக்கலாம், பக்கவாதமாகவும் வரலாம்.

ஹெப்பாரின் போட்டவர்கள் எல்லோரும் பயப்பட வேண்டியதில்லை. மூலக்கூறு எடை குறைந்த ஹெப்பாரினில் ஹிட் 1 சதவீதத்துக்கும் கீழேதான். பழைய வகை ஹெப்பாரினில், அதிலும் பெரிய அறுவைக்குப் பின் சில நாட்கள் தொடர்ந்து கொடுக்கும்போது, அதைவிடக் கூடுதல். 1 முதல் 5 சதவீதம் வரை சொல்வார்கள். பெண்களுக்குச் சற்று அதிகம். ஆனால் ஐசியூவில் பிளேட்லெட் குறைய நூறு காரணங்கள் இருக்கின்றன: கிருமித்தொற்று, வேறு மருந்துகள், ரத்த இழப்பு, பெரிய அறுவையே ஒரு காரணம். அதனால் கண்ணை மூடிக்கொண்டு ஹிட் என்று முடிவுகட்டுவதில்லை. நான்கு விஷயங்களுக்குத் தலா 0 முதல் 2 வரை மதிப்பெண் போடுகிறார்கள்: பிளேட்லெட் எவ்வளவு குறைந்தது, எந்த நாளில் குறைந்தது, புதிதாக ரத்தக்கட்டி உண்டா, வேறு காரணம் சொல்ல முடியுமா. உங்கள் கேள்வியில் இருப்பதை வைத்தே போட்டுப் பார்க்கலாம். குறைவு 50 சதவீதத்துக்கு மேல், 2. ஐந்திலிருந்து பத்து நாளுக்குள், 2. புதிய ரத்தக்கட்டி, 2. வேறு காரணம் தெரியவில்லையென்றால் இன்னொரு 2. மொத்தம் 8. 6-ஐத் தொட்டாலே சந்தேகம் வலுத்துவிடும். 3 அல்லது அதற்குக் கீழே என்றால் ஹிட் அநேகமாக இல்லை என்று ஹெப்பாரினைத் தொடரலாம்.

இதில் நாள் கணக்கைத்தான் நான் மிகவும் நம்புவேன். எதிர்பொருள் உருவாக ஐந்து நாளாவது ஆகும். ஹெப்பாரின் ஆரம்பித்த இரண்டாம் நாளே பிளேட்லெட் குறைந்தால் பெரும்பாலும் அது அறுவையின் விளைவு. ஆனால் ஒரு விதிவிலக்கு: கடந்த ஒரு மாதத்துக்குள், சிலருக்கு மூன்று மாதத்துக்குள், ஏற்கெனவே ஹெப்பாரின் ஏறியிருந்தால் பழைய எதிர்பொருள் இன்னும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், ஊசி போட்ட ஒரே நாளில் பிளேட்லெட் சரியும். "சமீபத்தில் வேறெங்காவது அட்மிட் ஆகியிருந்தீர்களா, ஆஞ்சியோ ஏதும் செய்தீர்களா" என்று மருத்துவர் துருவித் துருவிக் கேட்பது இதற்காகத்தான்.

எதிர்பொருளைக் கண்டுபிடிக்க எலைசா பரிசோதனை இருக்கிறது. அது "நெகட்டிவ்" என்றால் நம்பலாம். "பாசிட்டிவ்" என்றால் அவ்வளவு சுலபமாக நம்ப முடியாது, ஏனென்றால் எதிர்பொருள் இருந்தும் நோய் வராதவர்கள் நிறையப் பேர், அதிலும் இதய அறுவை செய்தவர்களில். வாசிப்பு எவ்வளவு உயரமோ அவ்வளவு உறுதி. எதிர்பொருள் நிஜமாகவே பிளேட்லெட்டைத் தூண்டுகிறதா என்று காட்டும் செரட்டோனின் வெளியேற்றப் பரிசோதனைதான் கடைசித் தீர்ப்பு, ஆனால் அதைச் செய்யும் ஆய்வகங்கள் குறைவு, முடிவு வர நாளாகும். மதிப்பெண் அதிகமாக இருக்கும்போது ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்கக் கூடாது. சந்தேகத்தின் பேரிலேயே மருந்தை மாற்றிவிட்டு, பிறகு ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொள்வார்கள். உங்கள் மருத்துவர்கள் அதைத்தான் செய்திருக்கிறார்கள்.

நிறுத்துவதென்றால் முழுக்க நிறுத்த வேண்டும். இதில்தான் நடைமுறையில் கோட்டை விடுவார்கள். மருந்துச் சீட்டில் ஹெப்பாரினை அடித்துவிடுவார்கள். ஆனால் கழுத்திலிருக்கும் சென்ட்ரல் லைன் அடைக்காமலிருக்க எட்டு மணிக்கொரு தரம் ஹெப்பாரின் கலந்த சலைனைச் சிரிஞ்சில் எடுத்துச் செலுத்துவது பழக்கதோஷத்தில் தொடரும். தமனி அழுத்தம் பார்க்கத் தொங்கவிடும் பையில் ஹெப்பாரின் இருக்கும். சில குழாய்களின் உட்பூச்சிலேயே ஹெப்பாரின் உண்டு. டயாலிசிஸ் இயந்திரத்தில் உண்டு. இந்தச் சொட்டு அளவே எதிர்பொருளுக்குத் தீனி போடப் போதும். எனாக்சாபரின் போன்ற எடை குறைந்த ஹெப்பாரினுக்கு மாற்றுவதும் தீர்வல்ல. அதே எதிர்பொருள் அதையும் பிடிக்கும். படுக்கைக்கு மேலே "ஹெப்பாரின் கூடாது, லைன் ஃப்ளஷ் உட்பட" என்று பெரிதாக ஒட்டிவைக்கச் சொல்லுங்கள். நர்ஸ் ஷிஃப்ட் மாறும்போது அதுதான் காப்பாற்றும்.

அடுத்தது முக்கியம். நிறுத்தினால் மட்டும் போதாது. ஹெப்பாரினை நிறுத்திய பிறகும் எதிர்பொருள் பல வாரம் ரத்தத்தில் இருக்கும், த்ராம்பின் ஊற்று உடனே அடங்காது. நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தவர்களில்தான் மேலே சொன்ன பாதிக்குப் பாதி கணக்கு. அதனால் அதே மணி நேரத்தில் ஹெப்பாரின் குடும்பத்தைச் சேராத ஒன்றை முழு அளவில் ஆரம்பிக்க வேண்டும். கையில் இருப்பவை இரண்டு வகை. த்ராம்பினை நேரடியாகப் பிடித்துக் கட்டுபவை ஒன்று: ஆர்கட்ரோபான், பிவாலிருடின். அதற்கு ஒரு படி முன்னால் இருக்கும் ஃபேக்டர் 10ஏ என்ற உறைவுப் புரதத்தைத் தடுப்பவை மற்றொன்று: ஃபோண்டாபாரினக்ஸ், டனபராய்டு, மாத்திரைகளில் ரிவராக்சபான், அபிக்சபான்.

ஆர்கட்ரோபான் ஜப்பானில் உருவான மருந்து. 1990-இல் அங்கே புழக்கத்துக்கு வந்தது. அமெரிக்காவில் ஹிட் நோய்க்கு 2000-இல் அனுமதி பெற்றது. கல்லீரல் வழியாக வெளியேறுகிறது, அதனால் சிறுநீரகம் கெட்டு கிரியாட்டினின் ஏறியவர்களுக்கு முதல் தேர்வு. அரை ஆயுள் (ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம்) முக்கால் மணி நேரம்தான். பம்ப்பை நிறுத்தினால் சில மணி நேரத்தில் வேகம் அடங்கிவிடும். அறுவைக் காயம் பச்சையாக இருக்கும் உங்கள் அம்மா மாதிரி நோயாளிக்கு இந்தக் குணம் பெரிய வசதி, ஏனென்றால் இந்த மருந்துக்கு முறிவு மருந்து கிடையாது, நிறுத்துவதுதான் முறிவு. வழக்கமான ஆரம்ப அளவு கிலோவுக்கு நிமிடத்துக்கு 2 மைக்ரோகிராம். 60 கிலோ எடையென்றால் மணிக்கு 7.2 மில்லிகிராம்; 1 மில்லியில் 1 மில்லிகிராம் இருக்குமாறு கலந்த பையானால் பம்ப்பின் திரையில் 7.2 என்று ஓடிக்கொண்டிருக்கும். கல்லீரல் கெட்டிருந்தால் கால்பங்கில், அதாவது 0.5 மைக்ரோகிராமில் ஆரம்பிப்பார்கள். இதயம் தளர்ந்தவர்களுக்கும் பல உறுப்புகள் தடுமாறும் ஐசியூ நோயாளிகளுக்கும் குறைத்துத்தான். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தமெடுத்து, உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஏ.பி.டி.டி. பார்த்து, அது ஆரம்ப வாசிப்பைப் போல ஒன்றரையிலிருந்து மூன்று மடங்குக்குள் இருக்கும்படி பம்ப்பைக் கூட்டிக் குறைப்பார்கள். "அடிக்கடி ரத்தம் எடுக்கிறார்களே" என்று உங்களுக்குத் தோன்றினால் அதற்குக் காரணம் இது.

பிவாலிருடின் இன்னும் குறுகிய ஆயுள் கொண்டது, சுமார் 25 நிமிடம். பெரும்பகுதி ரத்தத்திலேயே நொதிகளால் சிதைந்துவிடும், ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகம் வழியாகப் போகும். ஹிட் இருக்கும்போதே ஆஞ்சியோபிளாஸ்டியோ இதய அறுவையோ தவிர்க்க முடியாமல் போனால் இதைத்தான் எடுப்பார்கள். இதன் முன்னோர் அட்டைப்பூச்சி. அட்டை கடித்த இடத்தில் ரத்தம் நிற்காமல் வடிவதற்குக் காரணமான ஹிருடின் 1884-லேயே தெரியவந்தது, அதாவது ஹெப்பாரின் கண்டுபிடிக்கப்பட்ட 1916-க்கும் முன்னால். மரபணுத் தொழில்நுட்பத்தில் செய்த லெபிருடின் என்ற ஹிருடின் ஹிட் நோய்க்குப் பல காலம் கைகொடுத்தது. 2012-இல் உற்பத்தி நின்றுவிட்டது. பழைய கட்டுரைகளில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டுத் தேடி அலைய வேண்டாம். டனபராய்டும் எல்லா நாட்டிலும் கிடைப்பதில்லை.

ஃபோண்டாபாரினக்ஸ் எனக்குப் பிடித்த மருந்து, ஒரு நிபந்தனையோடு. ஹெப்பாரின் சங்கிலியில் ஆன்டித்ராம்பினைப் பிடிக்கும் ஐந்து சர்க்கரைத் துண்டை மட்டும் ஆய்வகத்தில் செய்து எடுத்தது. அவ்வளவு குட்டையாக இருப்பதால் ஃபேக்டர் 4-உடன் சேர்ந்து எதிர்பொருளை ஈர்க்கும் வடிவத்தை அதனால் உண்டாக்க முடிவதில்லை. தோலுக்கடியில் நாளைக்கு ஒரே ஊசி: 50 கிலோவுக்குக் கீழே 5 மில்லிகிராம், 50 முதல் 100 வரை 7.5, அதற்கு மேல் 10. டிரிப் வேண்டாம், அடிக்கடி பரிசோதனை வேண்டாம். ஹிட் நோய்க்கென்று மருந்து உறையில் எழுதியிருக்காது, ஆனாலும் உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள், வழிகாட்டு நெறிகளும் ஏற்கின்றன. நிபந்தனை சிறுநீரகம். வெளியேற வேறு வழியில்லை, அரை ஆயுள் 17 முதல் 21 மணி நேரம். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் கிரியாட்டினின் கிளியரன்ஸ் 30-க்குக் கீழே போனால் மருந்து உடலில் சேர்ந்துகொண்டே போகும். நாளை மறுபடி அறுவை அரங்குக்குப் போக நேரலாம் என்ற நிலையிலும் இது வேண்டாம். ஆன்டித்ராம்பின் குறைவால் ஹெப்பாரின் வேலை செய்யாதவருக்கும் இது உதவாது; இதுவும் அதே புரதத்தை நம்பித்தான் இயங்குகிறது. அங்கே ஆர்கட்ரோபானோ பிவாலிருடினோதான்.

இப்போது வார்ஃபரின். உங்கள் மூன்று கேள்விகளில் இதைத்தான் நான் ஆபத்தானது என்பேன், ஏனென்றால் கேட்க நியாயமாகத் தோன்றும். வார்ஃபரின் கல்லீரலில் வைட்டமின் கே சார்ந்த புரதங்களின் உற்பத்தியை நிறுத்துகிறது. அவற்றில் ரத்தத்தை உறைய வைப்பவையும் உண்டு, உறையாமல் காக்கும் புரதம் சி-யும் உண்டு. புரதம் சி-யின் அரை ஆயுள் எட்டு மணி நேரம் சுமார். முக்கிய உறைவுப் புரதமான புரோத்ராம்பினுக்கோ இரண்டரை, மூன்று நாள். ஆக, முதல் சில நாட்களில் காவல்காரன் போய்விடுகிறான், திருடன் இருக்கிறான். சாதாரண நோயாளியில் ஹெப்பாரின் கூடவே ஓடுவதால் இது வெளியே தெரியாது. ஹிட் நோயாளியிலோ த்ராம்பின் கட்டுமீறி உற்பத்தியாகிக்கொண்டிருக்கும் நேரம். நுண்சிரைகள் எல்லாம் அடைத்துக்கொள்ளும். வார்ஃபரின் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை 4-ஐத் தாண்டி "ரத்தம் நன்றாக இளகியிருக்கிறது" என்று காட்டும். பாதத்தில் நாடி துடிப்பு கைக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கால்விரல்கள் கருத்துக்கொண்டு வரும். சிரைவழி அழுகல் என்பார்கள். உறுப்பையே எடுக்க வேண்டிவந்த நிகழ்வுகள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கின்றன. உங்கள் அம்மாவுக்கு ஏற்கெனவே தொடைச் சிரையில் கட்டி இருக்கிறது. மிகச் சரியாக இந்த விபத்துக்கு ஆளாகக்கூடிய கால் அது.

அதனால்தான் விதி: பிளேட்லெட் 1,50,000-ஐத் தொடும்வரை வார்ஃபரினைத் தொடக் கூடாது. ஹிட் என்று தெரியும் முன்பே யாராவது ஆரம்பித்திருந்தால் வைட்டமின் கே கொடுத்து அதை முறிக்க வேண்டும். தொட்ட பிறகும் குறைந்த அளவில் ஆரம்பித்து, குறைந்தது ஐந்து நாள் இரண்டு மருந்தும் சேர்ந்து ஓட வேண்டும். ஆர்கட்ரோபானிலிருந்து மாறும்போது இன்னொரு சிக்கல்: ஆர்கட்ரோபானே ஐ.என்.ஆர்.-ஐ ஏற்றிக் காட்டும். ஐ.என்.ஆர். 3 வந்துவிட்டது என்று டிரிப்பை எடுத்துவிட்டால் வார்ஃபரின் இன்னும் பிடித்திருக்காது, நோயாளி பாதுகாப்பில்லாமல் நிற்பார். இரண்டும் ஓடும்போது 4-ஐத் தாண்டிய பிறகே டிரிப்பை நிறுத்தி, நாலைந்து மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து, அப்போதும் 2-க்கு மேல் நின்றால்தான் கைவிடுவார்கள்.

இந்தத் தலைவலியெல்லாம் இருப்பதால் இப்போது பல இடங்களில் வார்ஃபரின் பக்கமே போவதில்லை. நிலைமை நிதானமானதும் ரிவராக்சபானுக்கோ அபிக்சபானுக்கோ மாற்றிவிடுகிறார்கள். ரத்தக்கட்டி இருக்கும்போது ரிவராக்சபான் 15 மில்லிகிராம் இரண்டு வேளை மூன்று வாரம், பிறகு 20 ஒரு வேளை. அபிக்சபான் 10 இரண்டு வேளை ஒரு வாரம், பிறகு 5 இரண்டு வேளை. இவை புரதம் சி-யைத் தொடுவதில்லை, அதனால் மேலே சொன்ன அழுகல் பயம் இல்லை. அமெரிக்க ரத்தவியல் சங்கத்தின் 2018 நெறிமுறை, உடல்நிலை சீராக இருக்கும் ஹிட் நோயாளிக்கு ஆரம்பத்திலிருந்தே இவற்றைக் கொடுக்கலாம் என்கிறது. என் கருத்தும் அதுதான்: காலுக்கு ஆபத்தில்லை, வாயால் சாப்பிட முடிகிறது, கல்லீரலும் சிறுநீரகமும் பரவாயில்லை, அடுத்த சில நாளில் அறுவை எதுவும் இல்லையென்றால் மாத்திரையே போதும். ரத்தத்தை உறையத் தூண்டும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்பொருள் மூன்று வகையும் உள்ளவர்கள் மட்டும் இதற்கு விலக்கு. அவர்களுக்கு நீண்டகாலத்துக்கு வார்ஃபரின்தான் மேல். ஆக, உங்கள் மருத்துவரிடம் "வார்ஃபரின் எப்போது" என்று கேட்பதற்குப் பதில் "மாத்திரைக்கு எப்போது மாறலாம், எந்த மாத்திரை" என்று கேளுங்கள். ரத்தக்கட்டி இருப்பதால் மூன்றிலிருந்து ஆறு மாதம் எடுக்க வேண்டியிருக்கும். கட்டியில்லாமல் பிளேட்லெட் மட்டும் குறைந்தவர்களுக்குக் குறைந்தபட்சம் பிளேட்லெட் திரும்பும்வரை. பலர் நாலு வாரம் கொடுப்பார்கள். அவர்களுக்கும் இரு கால்களிலும் டாப்ளர் செய்து பார்ப்பது நல்லது, வீக்கமே இல்லாமல் கட்டி ஒளிந்திருப்பது சகஜம்.

பிளேட்லெட் ஏற்றுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏற்றிய பிளேட்லெட்டையும் எதிர்பொருள் தூண்டும். உயிருக்கு ஆபத்தான கசிவு இருந்தாலோ, கட்டாயம் ஒரு அறுவை செய்தாக வேண்டியிருந்தாலோ ஏற்றுவார்கள்; எண்ணை உயர்த்திக் காட்டுவதற்காக மட்டும் கூடாது. மாற்று மருந்து ஓட ஆரம்பித்தால் பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் எண்ணிக்கை தானாக ஏறிவிடும். இரண்டு மூன்று நாளில் ஏறுமுகம் தெரியவில்லையென்றால் முதலில் எங்கேயாவது ஹெப்பாரின் ஒளிந்திருக்கிறதா என்றுதான் தேடுவேன். அப்படியும் அடங்காத பிடிவாத கேஸ்களுக்கு சிரை வழி இம்யூனோகுளோபுலின் (தானமாகப் பெற்ற ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்பொருள் தொகுப்பு) கொடுப்பதுண்டு. 2021-இல் அடினோவைரஸ் வகைக் கொரோனா தடுப்பூசிக்குப் பின் மிகச் சிலருக்கு வந்த ரத்த உறைவில் ஹெப்பாரினே இல்லாமல் இதே ஃபேக்டர் 4 எதிர்பொருள் உருவானது. இம்யூனோகுளோபுலினும் ஹெப்பாரின் அல்லாத மருந்தும் சேர்ந்துதான் அங்கேயும் பலரைக் காப்பாற்றின.

இனி மற்ற பக்கம். மூளையில் ரத்தக்கசிவு, நிற்காத குடல் கசிவு, நேற்றுதான் முதுகுத்தண்டு அறுவை என்ற நிலையில் தொடைச் சிரையில் கட்டி வந்தால்? அங்கே ஆர்கட்ரோபானும் ஹெப்பாரின் அளவுக்கே ஆபத்து. அப்போதுதான் கால் ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் கீழ்ப்பெருஞ்சிரையில் வடிகட்டி வைப்பதைப் பற்றிப் பேச வேண்டும். தொடைச் சிரை வழியாகவோ கழுத்துச் சிரை வழியாகவோ குழாய் விட்டு, குடைக்கம்பி போன்ற ஒரு சிறு உலோகக் கூண்டைச் சிறுநீரகச் சிரைகளுக்குக் கீழே விரிய விடுவார்கள். காலிலிருந்து கிளம்பும் கட்டி நுரையீரலுக்குப் போகாமல் அது பிடிக்கும். ஆனால் கட்டி உருவாவதை அது தடுக்காது. 400 நோயாளிகளை வைத்து பிரான்சில் நடந்து 1998-இல் வெளியான ஆய்வில் வடிகட்டி வைத்தவர்களுக்கு நுரையீரல் அடைப்பு ஆரம்பத்தில் குறைந்தது, இரண்டு வருடத்தில் காலில் மறுபடி கட்டி வருவது கூடியது, உயிரிழப்பில் வித்தியாசமில்லை. அதனால் வைக்கும்போதே எடுக்கும் தேதியைப் பேசிவிட வேண்டும். கசிவு நின்று மருந்து கொடுக்க முடிகிற நாளில் எடுத்துவிட வேண்டும். மறந்துபோய் உள்ளேயே இருந்துவிடும் வடிகட்டிகள் சாய்ந்து, சிரைச் சுவரில் குத்தி, அடைத்துத் தொல்லை கொடுக்கும். ஹிட் நோயாளிக்கு இந்த வடிகட்டி வழக்கமாக வேண்டாம் என்பதே நெறிமுறை. உறைந்துகொண்டிருக்கும் ரத்தத்துக்குள் ஓர் உலோகத்தை வைப்பது கட்டிக்கு இன்னொரு இடம் கொடுத்த மாதிரி. கட்டி முழங்காலுக்குக் கீழே மட்டும் இருந்து மருந்தும் கொடுக்க முடியாதென்றால் பல சமயம் எதுவும் வைக்காமல் இரண்டு வாரம் திரும்பத் திரும்ப ஸ்கேன் பார்த்து, மேலே ஏறுகிறதா என்று கண்காணித்தாலே போதும்.

புற்றுநோய் சிகிச்சையால் பிளேட்லெட் குறைந்தவர்களை இதோடு ஒப்பிட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஒருவருக்குக் கீமோவால் 40,000. அவருக்கு எலும்பு மஜ்ஜை பிளேட்லெட்டை உற்பத்தி செய்யவில்லை, கசிவு நிஜமான பயம். கட்டி இருந்தாலும் எடை குறைந்த ஹெப்பாரினைப் பாதியாகக் குறைத்துக் கொடுப்பார்கள், கட்டி புதிதாகவும் பெரிதாகவும் இருந்தால் பிளேட்லெட் ஏற்றிக்கொண்டே முழு அளவு கொடுப்பார்கள். இன்னொருவருக்கு ஹிட்டால் அதே 40,000. அவருக்கு முழு அளவு மாற்று மருந்து, பிளேட்லெட் ஏற்றல் கிடையாது. ரிப்போர்ட்டில் ஒரே எண், சிகிச்சை நேர் எதிர்.

கர்ப்பிணிகளுக்கு வழி இன்னும் குறுகல். வார்ஃபரின் ஆறாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம்வரை சிசுவின் எலும்பு, மூக்கு அமைப்பைக் கெடுக்கும். ரிவராக்சபான் வகை மாத்திரைகளும் வேண்டாம். கிடைக்கிற இடங்களில் டனபராய்டு, அது நஞ்சுக்கொடியைத் தாண்டுவதில்லை. இல்லையென்றால் ஃபோண்டாபாரினக்ஸ், அது சிறிதளவு தாண்டினாலும் வேறு வழியில்லாதபோது ஏற்கப்பட்டது. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இயந்திரக் குழாயில் மட்டும் உறைவைத் தடுக்கும் சிட்ரேட் கலந்தோ, ஆர்கட்ரோபான் கொடுத்தோ, குறைந்த நேரமென்றால் சலைனை விட்டு அலசியோ ஓட்டுவார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் மூன்று விஷயம் எழுதியிருக்கிறதா பாருங்கள்: ஹிட் எந்தத் தேதியில் வந்தது, எந்தப் பரிசோதனையில் என்ன வாசிப்பு, எந்த மாற்று மருந்து ஒத்துக்கொண்டது. "ஹெப்பாரின் அலர்ஜி" என்று ஒற்றை வரி எழுதினால் நாளைக்கு இன்னொரு மருத்துவமனையில் அது தோல் அரிப்பா ஹிட்டா என்று யாருக்கும் தெரியாது. அதேபோல உறுதி செய்யாமல் வெறும் சந்தேகத்தோடு வாழ்நாள் முத்திரை குத்துவதும் தொல்லை. எலைசா நெகட்டிவ் வந்தால் அந்த முத்திரையை எழுத்திலேயே நீக்கச் சொல்லுங்கள். உறுதியானால் ஒரு அட்டை எழுதி அம்மாவின் பையில் வைத்திருங்கள். எதிர்பொருள் ஐம்பதிலிருந்து நூறு நாளுக்குள் மறைந்துவிடும். பின்னாளில் இதய அறுவை வந்தால், எதிர்பொருள் இல்லையென்று பரிசோதித்துவிட்டு, அறுவை மேசையில் இருக்கும் அந்தச் சில மணி நேரத்துக்கு மட்டும் ஹெப்பாரின் பயன்படுத்துவதுண்டு. அறுவைக்கு முன்னும் பின்னும் வேறு மருந்து. மற்றபடி அடுத்த இடுப்புக்கோ முழங்காலுக்கோ அறுவை என்றால் ஹெப்பாரினைத் தேட வேண்டிய அவசியமே இல்லை, ஃபோண்டாபாரினக்ஸ் 2.5 மில்லிகிராம் ஊசியோ அபிக்சபான் மாத்திரையோ அந்த வேலையைச் செய்யும்.